இரண்டு விநாடிப் பார்வை

மாரிச்செல்வி கைக்குழந்தையோடு மூன்றாம் மாடி ஏறி வந்து நின்றபோது, அவளை யாரிடம் அனுப்புவது என்று தாய்த்துணை மையத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"ஒன்பதாவது படிக்கிற பொண்ணு வெச்சிருக்காங்கல்ல, அந்த சிஸ்டரப் பாக்கணும்" என்றாள். பெயர் தெரியாது. முகமும் தெரியாது.

தெரிந்திருக்க வழியில்லை. கர்ப்பிணிப் பெண்கள் கைபேசியில் எழுதிக் கேட்பார்கள், மையத்தில் இருக்கும் நர்ஸ்கள் எழுதிப் பதில் சொல்வார்கள். ஏழு மாவட்டத்துக்கு நாற்பத்திரண்டு நர்ஸ்கள். யார் பதில் எழுதினாலும் அந்தப் பக்கம் 'தாய்த்துணை சிஸ்டர்' என்ற ஒரே பெயர்தான் தெரியும். மதுரை பைபாஸ் ரோட்டில் கீழே டயர் கடை, மேலே இவர்கள் என்று ஆறு வருடமாக நடந்துகொண்டிருந்தது அந்த மையம்.

யாரோ ஜெயசீலியைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் அவளுக்குத்தான் இருந்தாள். மாரிச்செல்வி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் காலைத் தொடக் குனிந்தாள். ஜெயசீலி பதறி விலகினாள்.

"எதுக்குமா? நான் என்ன செஞ்சேன்?"

"நீங்கதான எழுதுனீங்க? இந்தா பாருங்க." கைபேசியை நீட்டினாள். கூடவே சாத்தூர் காராச்சேவு பொட்டலம் ஒன்று, புது ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று. "இது உங்க பாப்பாவுக்கு."

ஜெயசீலி கைபேசியை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"பயப்படாதீங்கமா. எனக்கும் ஏழாவது மாசத்துல ஒருநாள் இப்படித்தான் அசைவே இல்லாம இருந்துச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. இடது பக்கமா சாய்ஞ்சு படுங்க, ஜில்லுனு ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, வயித்து மேல கைய வெச்சுக்கிட்டுப் பொறுமையா இருங்க. எம்பொண்ணு இப்ப ஒன்பதாவது படிக்கிறா. உங்க பிள்ளையும் படிக்கும்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நான் எழுதினது இல்லையே. எனக்கு அந்த மாதிரி எதுவும் ஆகலையே."

"போன ஆடி மாசம் சிஸ்டர். இதப் படிச்சு ஓன்னு அழுதுட்டேன். படுத்துக் கெடந்தேன். அரை மணி நேரத்துல உதைச்சான் பாருங்க!" மாரிச்செல்வி குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

கதவோரம் நின்றிருந்த இன்னொரு நர்ஸ் சகாயராணி, வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை இறக்கினாள். அந்த வரிகள் அவளுடையவை. ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. ஆனால் இரண்டு வருடம் முன்னால், ஒரே ஒருத்திக்கு, ஒரே ஒரு தடவை எழுதியது. அந்த ஒருத்தி மாரிச்செல்வி இல்லை.

'நான்தான்' என்று முன்னால் போய் நிற்க அவளால் முடியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு நேராகத் தணிகைவேலின் அறைக்குப் போனாள்.

தணிகைவேல் மையத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர். நாற்பது வயதுக்குள் முடியெல்லாம் நரைத்தவர். 'சுருக்கு' என்ற பதில் மென்பொருள் அவர் எழுதியது. அதன் கதை இதுதான்: நர்ஸ்கள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து விரல் வீங்கிக்கொண்டிருந்த காலத்தில், நாலு எழுத்து தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும்படி முதலில் செய்தார். 'இரும்பு' என்று தட்டினால் இரும்புச்சத்து மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பத்தி வரும். அடுத்த வருடம் ஓர் எழுத்து போதும் என்றானது. அதற்கடுத்த வருடம் அதுவும் தேவையில்லை. கேள்வி வந்ததும் சுருக்கே பொருத்தமான பதிலைப் பச்சைக் கட்டத்தில் காட்டும். நர்ஸின் கண் அதன்மேல் இரண்டு விநாடி நின்றால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். திரையின் மேலே இருந்த சின்னக் கேமரா கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"சார், நான் எழுதின ஒரு பதில வெளில ஒரு பொண்ணு கைல வெச்சிருக்கு. நான் அந்தப் பொண்ணுக்கு எழுதல."

தணிகைவேல் சகாயராணி சொன்ன வரியைத் தேடினார். "ஆமா சிஸ்டர். இது நல்லா வேலை செய்யுற பதில். ரெண்டு வருஷம் முன்னால உங்க கணக்குலேர்ந்து சுருக்கே எடுத்துச் சேத்திருக்கு. எல்லார் திரைக்கும் போகும்."

"எத்தன பேருக்குப் போயிருக்கு?"

"ஆயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு."

சகாயராணி உட்கார்ந்தாள். "நல்லா வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"பதில் போனதுக்கப்புறம் அவங்க திரும்ப எழுதலன்னா, திருப்தியாயிட்டாங்கன்னு அர்த்தம். இந்தப் பதில வாங்கினவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் திரும்ப எழுதல. வேற எந்தப் பதிலுக்கும் இந்த அளவு கெடையாது." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மொத்தத்துல எண்பத்தாறு உங்க திரைலேர்ந்தே போயிருக்கு."

"நான் அனுப்பவே இல்ல சார்."

"பாத்திருப்பீங்க சிஸ்டர்."

ஒரு நாளைக்கு முந்நூறு பச்சைக் கட்டம். அதில் எதைப் பார்த்தாள், எதைப் படித்தாள், எதன்மேல் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எதையோ நினைத்தாள்? அவளுக்கே தெரியவில்லை.

"சார், எனக்குப் பொண்ணே கெடையாது" என்றாள்.

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார்.

"ஏழாவது மாசம் அசைவு நின்னுச்சு. அது நெஜம். நான் அன்னிக்கு டியூட்டில இருந்தேன். முடிச்சுட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்துட்டேன். போனப்ப நேரமாயிடுச்சு. இருந்திருந்தா, அத எழுதினப்ப அவ ஒன்பதாவது படிச்சிட்டிருப்பா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "அந்தப் பதில எழுதினது வருசநாட்டுப் பக்கம் ஒரு பொண்ணுக்கு. மழைல பாலம் மூழ்கிடுச்சு. வீட்ல தனியா இருந்துச்சு. நான் போன்ல ஆம்புலன்ஸப் பிடிச்சு, சுத்து வழில அனுப்பினேன். வர அம்பது நிமிஷம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பயத்துல எதுவும் ஆயிடக் கூடாதுன்னு எழுதினேன். இடது பக்கம் படு, தண்ணி குடின்னு சொன்னதெல்லாம் வண்டி வர்ற வரைக்கும். அந்தக் குழந்தை பொழைச்சிடுச்சு."

"இதெல்லாம் பதிவுல இல்லையே."

"போன்ல பேசினது உங்க சுருக்குக்கு எப்படிக் கேக்கும்?"

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவங்கள..."

"படுக்கச் சொல்லியிருக்கோம்" என்றாள் சகாயராணி.

அந்தப் பதிலை அவர் அப்போதே நீக்கினார். அதோடு, அசைவு இல்லை என்று யார் எழுதினாலும் இனிமேல் பச்சைக் கட்டம் வராது, நர்ஸே போனில் கூப்பிட வேண்டும் என்று மாற்றினார். ஆனால் கண்ணால் அனுப்புவதை மொத்தமாக நிறுத்தும்படி அவள் சொன்னபோது முடியாது என்று தலையை ஆட்டினார்.

"மொத மாசம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சிஸ்டர்? ரத்தம் போகுதுன்னு எழுதிட்டு ரெண்டே முக்கால் மணி நேரம் வரிசைல நின்ன பொண்ணுங்க உண்டு. இப்ப பதினோரு விநாடி. அத நிறுத்துனா யாரு சாவாங்கன்னு எனக்குத் தெரியாது. நிறுத்தலன்னாலும் தெரியாது. நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் சகாயராணியை இன்னும் படுத்தியது.

"எண்பத்தாறு பேரோட நம்பர் குடுங்க. எங் கணக்குல போனதுதானே. நான் கேட்டுக்கறேன்."

கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓர் இடத்தில் நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தாள். திரையின் முன் உட்கார்ந்தால் கண்ணை எதன்மேலும் வைக்கப் பயமாக இருந்தது. பச்சைக் கட்டம் வந்ததும் பார்வையைச் சுவருக்குத் திருப்பிவிட்டு விரலால் எழுத ஆரம்பித்தாள். அவள் வரிசை நீண்டது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் விளம்பரப் பலகையைப் படிக்கும்போதுகூட மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் அந்தோணிராஜ், "ஏன் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கிற?" என்று கேட்டபோதுதான் அது அவளுக்கே உறைத்தது.

மதிய இடைவேளைகளில் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போன் போட்டாள். முதல் எண் எடுத்ததுமே பின்னால் குழந்தை அழும் சத்தம். சகாயராணிக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எல்லாம் நலம். சிலருக்கு அவள் யாரென்றே ஞாபகம் இல்லை. சிலருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஐயோ, நீங்களா சிஸ்டர்! பாப்பா எப்படி இருக்கா? பத்தாவது போயிட்டாளா?"

"போயிட்டா" என்றாள் சகாயராணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, மாடியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்துகொண்டே இருந்தாள். நாலு பேரிடம் அப்படிச் சொன்னாள். ஐந்தாவது ஆள் கேட்டபோது சிக்னல் போய்விட்டதுபோல் துண்டித்தாள்.

முப்பத்தொன்றாவது எண்ணை ஓர் ஆண் எடுத்தான். விவரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"எம் பேரு கற்பகராஜ். உலகம்மா எம் பொஞ்சாதி. பிள்ள தங்கல." பிறகு, "அவ போன்ல பேச மாட்டா. பேசணும்னா நேர்ல வாங்க" என்றான்.

மறுநாள் காலையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சாத்தூரில் இறங்கி, மினி பஸ் பிடித்து, கரிசல் காட்டு நடுவே, ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் இறங்கினாள். கற்பகராஜ் சைக்கிளோடு நின்றிருந்தான். பேசாமல் முன்னால் உருட்டிக்கொண்டு நடந்தான். வீட்டைக் காட்டிவிட்டு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

உலகம்மாள் வாசலில் சாக்கை விரித்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த, எலும்பு தெரியும் கை. நெடியில் சகாயராணி இரண்டு தடவை தும்மினாள். உலகம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

சகாயராணி சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது பத்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"உங்க மக நல்லாருக்காளாக்கா?" என்று உலகம்மாளே கேட்டாள்.

மாடியில் நின்று சொன்னதுபோல் இங்கே சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு மக கெடையாது உலகம்மா. எனக்கும் தங்கல. அது பொய்."

உலகம்மாளின் விரல் நின்றது. ஒரு மிளகாயைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். முகத்தில் கோபம் வரும் என்று சகாயராணி காத்திருந்தாள். கோபம்தான் வந்தது, ஆனால் மெதுவாக வந்தது.

"அந்தப் பிள்ளயத்தான நெனச்சுக்கிட்டு இருந்தேன். நமக்கில்லாட்டியும் அந்த அக்காவுக்கு நெலச்சிருக்கு, எங்கயோ யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போகுதுன்னு. அதயும் இல்லங்கீங்க."

"மன்னிச்சிரு."

"இத போன்லயே சொல்லியிருக்கலாம். எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் சகாயராணி. இதைக் கேட்கத்தான் வந்தாள். முப்பது எண்களாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த கேள்வி. "அரை மணி நேரம் பாத்திருப்ப. ஒரு மணி நேரம் பாத்திருப்ப. அப்பவும் அசையல. ஏம்மா திரும்ப எழுதல? 'இன்னும் அசையலக்கா'ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, அடுத்த பதில்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்போமே. நீ ஏன் திரும்ப எழுதல?"

உலகம்மாள் மிளகாயைத் தட்டில் போட்டாள்.

"எப்பிடிக்கா எழுதுவேன்? நான் கேட்டு ஒரு நிமிசம்கூட ஆகல. அதுக்குள்ள இம்புட்டுப் பெரிசா எழுதிட்டீங்க. உங்க சொந்தக் கதையெல்லாம் சொல்லி. நான் ஒரு வரி எழுதவே எழுத்தத் தேடித் தேடி எம்புட்டு நேரம் ஆவுது. முன்னப்பின்ன தெரியாத எனக்காக இம்புட்டுச் சிரமப்பட்டு எழுதியிருக்காகளே, மறுபடி மறுபடி கேட்டாத் தொந்தரவா நெனப்பாகளேன்னு இருந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் இடது பக்கமாவே படுத்துக் கெடந்தேன். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு."

திரும்ப எழுதாததால் திருப்தி என்று சுருக்கு கணக்கு வைத்த நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். சகாயராணி எழுந்து நின்றாள். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் சிரமப்படல உலகம்மா. நான் எழுதவே இல்ல. எப்பவோ எழுதி வெச்சது. மெஷின் எடுத்துக் காட்டும். அதப் பாத்தாப் போதும், போயிடும். ரெண்டு விநாடி."

"பாத்தா?"

"கண்ணால பாத்தா."

உலகம்மாள் அதை யோசித்தாள். "அப்ப நான் எழுதினத? அசையலன்னு நான் எழுதினத நீங்க வாசிச்சீங்களா?"

பொய் சொல்ல ஒரு கணம் போதும். வாசித்தேன் என்று சொன்னால் இந்தப் பெண்ணுக்கு ஒரு துளி ஆறுதலாவது மிஞ்சும் என்று சகாயராணிக்குத் தெரிந்தது.

"தெரியல" என்றாள். "வாசிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

உலகம்மாள் தலையைக் குனிந்து மறுபடி காம்பு கிள்ளத் தொடங்கினாள். ஒரு கை மிளகாய் முடிந்தது, இன்னொரு கை முடிந்தது. சகாயராணிக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடாமல் இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் அவளும் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

"உங்களுது எப்பிடிக்கா போச்சு?" என்று கேட்டாள் உலகம்மாள், நிமிராமலே.

சகாயராணி சொன்னாள். எந்த வார்டில் வேலை பார்த்தாள், அன்று எத்தனை பேருக்கு ஊசி போட்டாள், மதியச் சாப்பாட்டின்போதே வயிறு கனமாக இருந்ததை யாரிடமும் சொல்லாமல் விட்டது, லிஃப்ட் ஓடாமல் படியில் இறங்கியது, ஸ்கேன் அறையில் தெரிந்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தது. அந்தோணிராஜிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. சொல்லச் சொல்ல நீண்டது. உலகம்மாள் எங்கும் குறுக்கிடவில்லை. இரண்டு தடவை மட்டும், "ம்" என்றாள்.

முடித்தபோது சாக்கில் விழுந்திருந்த நிழல் சுவர்ப்பக்கம் போயிருந்தது. தட்டில் மிளகாய் குவிந்திருந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிய சகாயராணியை உலகம்மாள் சட்டென்று பிடித்தாள்.

"கையக் கழுவாம கண்ணத் தொடாதீங்கக்கா. எரிஞ்சிரும்."

சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்தாள். பிறகு, "இன்னும் எத்தன பேரு இருக்காக?" என்று கேட்டாள்.

"எங் கணக்குல அம்பத்தஞ்சு. மொத்தமா ஆயிரத்துக்கு மேல."

"அவுகள்ட்டயும் மக பத்தாவது போயிட்டான்னு சொல்லப் போறீங்களா?"

சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவே இல்லையே.

"எங்க சின்னாத்தா மகளுக்கும் நீங்க போன் போட்டிருக்கீங்க. போன வாரம்தான் சொன்னா, அந்த சிஸ்டர் பொண்ணு பத்தாவது போயிருச்சாம்னு." உலகம்மாள் சாக்கின் மறுபக்கம் வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள். "இங்கனயே இருந்து போடுங்க. நானும் கேக்கறேன்."

சகாயராணி கைபேசியை எடுத்தாள். பட்டியலில் முப்பத்திரண்டாவது எண். ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எண்ணாகத் தானே அழுத்தினாள். உலகம்மாள் ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கும்போது எடுத்தார்கள்.

"அலோ, யாரு?" ஒரு பெண் குரல். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"எம் பேரு சகாயராணி. தாய்த்துணைலேர்ந்து பேசறேன். ஒரு வருஷம் முன்னால உங்களுக்கு ஒரு பதில் வந்துச்சு. அதுல எம்பொண்ணப் பத்தி இருந்துச்சு."

"ஆமா சிஸ்டர். ஞாபகம் இருக்கு. பாப்பா எப்படி..."

சகாயராணி உலகம்மாளைப் பார்த்தாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று. பார்வையை விலக்கவில்லை.

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். கொஞ்சம் நேரம் ஆகும். பரவாயில்லையாமா?"